விசுக்கோத்து என்றொரு வெங்கிணாந்தி

1

போன கிழமை, பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கும் லா சப்பல் பக்கம், ரூ பெர்தொனே என்ற தெருவுக்கு மரக்கறி வாங்கப் போயிருந்தேன். கடைக்காரர் சிவம் அண்ணை, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒருவருக்கு என்னை அறிமுகம் செய்துவைத்தார். "இவர்தான் லா சப்பலிலை பாம்பு வளத்தவர்" என்றார்.

பதினைந்து வருடமாக இந்த நகரத்தில் இருக்கிறேன். கோப்பை கழுவினேன், வெங்காயம் உரித்தேன், இப்போது ஒரு பிரெஞ்சு உணவகத்தின் குசினியில் சோஸ் வைக்கிறேன். ஆனாலும் எங்கள் ஆட்களிடம் எனக்கு மிஞ்சிய பெயர் அதுதான். புதியவர் முதலில் சிரித்தார். பிறகு உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார், நாய் பூனை ஒன்றும் கிடைக்கவில்லையா என்று. கத்தரிக்காயைப் பையில் போட்டுக்கொண்டு ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டு வந்தேன்.

வரும் வழியில் யோசித்துப் பார்த்தேன். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் கடை வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடியது அல்ல. அதனால் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். மனைவி சுகந்தியிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2

2009 தை மாதம் நான் பாரிசுக்கு வந்து சேர்ந்தேன். கலியாணம் முடித்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதில் சுகந்தியோடு சேர்ந்து இருந்தது ஏழு மாதம், மிச்சம் வழியிலேயே போனது. நான் முதலில் வெளியே போவது, பிறகு அவளைக் கூப்பிடுவது என்று ஏற்பாடு. அவள் தாய் தகப்பனோடு வன்னியில் நின்றாள். நான் வெளிக்கிட்ட பிறகு சண்டை முற்றிப் பாதை முழுதாக அடைபட்டது.

ரூ பிலிப்-து-ஜிராரில் ஓர் அறையில் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேரின் கைத்தொலைபேசிகளும் மேசையில் வரிசையாக இருக்கும். எது அடித்தாலும் ஐந்து பேரும் எழும்புவோம். மாசி தொடங்கி ஆடி வரைக்கும் என்னுடையது எனக்குத் தேவையான அழைப்புக்காக அடிக்கவில்லை. அவள் இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் தினமும் வேலைக்குப் போனேன், கோப்பைகளைக் கழுவி அடுக்கினேன். கை தன்பாட்டில் வேலை செய்தது.

ஆடி மாதத்தில் ஒரு நாள் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து சுகந்தியின் தாயின், என் மாமியின் குரல் வந்தது. யாருடையதோ தொலைபேசி, இரண்டு நிமிடம்தான் என்றார்.

"சுகந்தி இருக்கிறாள் தம்பி. மாமாவைப் பாம்பு தீண்டிப்போட்டுது. பங்கருக்குள்ளை."

மாமா தபால் கந்தோரில் வேலை செய்த மனிதர். அவ்வளவு ஷெல்லுக்கும் தப்பியிருந்தவரைப் பதுங்குகுழிக்குள் புடையன் பாம்பு கடித்திருக்கிறது. மருந்து இல்லை. பிறகு சுகந்தி தொலைபேசியை வாங்கினாள். அழவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். மாமாவைப் பற்றி நான் கேட்டபோது, அம்மா சொல்லிவிட்டார்தானே என்றாள். அதற்குப் பிறகு ஏழு வருடம் அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

3

என் அகதி வழக்கு முதலில் நிராகரிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் வென்று, 2012 நடுவில் கையில் கார்த், அதாவது வதிவிட அட்டை கிடைத்தது. உடனே அந்த ஐந்து பேர் அறையை விட்டு, அதே தெருவில் ஆறாம் மாடியில் ஒரு தனி அறை எடுத்தேன். இரண்டு பேர் படுக்கக்கூடிய கட்டில் வாங்கினேன். சுகந்தி வந்தால் துணி வைக்க அலுமாரியில் பாதியைக் காலியாக விட்டேன். முதல் கிழமை அந்த அறை எனக்குப் பெரிய சுகமாக இருந்தது. பிறகு அதன் அமைதி பிடிக்காமல் போயிற்று. மற்ற நான்கு பேரின் குறட்டை கூட ஒரு துணைதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

என்னோடு கோப்பை கழுவியவன் கோஜோ. பெனின் நாட்டுக்காரன், என் வயதுதான். குசினியில் அவன் பிரெஞ்சும் என் பிரெஞ்சும் முட்டிமோதித்தான் ஓர் இடத்துக்கு வந்து சேரும். அவன் குடியிருந்த கட்டடத்தில் ஒரு மாணவி கனடாவுக்குப் படிக்கப் போகும்போது தன் மலைப்பாம்பை அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். கோஜோ தங்கியிருந்தது ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில். அண்ணன் மனைவி, பாம்பா நீயா என்று கேட்டுவிட்டார். இரண்டே கிழமைக்கு உன் அறையில் வைத்திரு என்று கோஜோ என்னைக் கேட்டான்.

முடியாது என்று சொல்லத்தான் போனேன். எங்கள் பக்கத்திலும் நாகபூசணி அம்மனைக் கும்பிடுகிறோம், ஆனால் பாம்பு வீட்டுக்குள் வந்தால் நாங்கள் முற்றத்தில் நின்றுதான் கும்பிடுவோம் என்று அவனுக்கு விளக்கினேன். அவன் பெட்டியைத் திறந்து அதை எடுத்தான். இரண்டு கைகளையும் கீழே கொடுத்து, தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினான். இந்த இனம் அவனுடைய ஊரில் தெருவிலும் வீட்டிலும் தன்பாட்டில் திரியுமாம். ஒருவரும் அடிக்க மாட்டார்களாம். வீட்டுக்குள் வந்தால் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர் வைத்துவிட்டு, அது போக நினைக்கும்போது போகட்டும் என்று விட்டுவிடுவார்களாம். அவன் ஊருக்குப் போய் ஒன்பது வருடம். அதைச் சொல்லும்போது அவன் பாரிசில் நிற்கவில்லை. நான் முடியாது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன்.

மாணவி அதற்கு வைத்த பெயர் பிஸ்கொத். இங்கே காலையில் வெண்ணெய் பூசித் தின்னும் காய்ந்த ரொட்டித் துண்டின் பெயர் அது. என் வாயில் அது விசுக்கோத்து ஆகிவிட்டது. கோஜோவும் சில நாளில் அப்படியே கூப்பிடத் தொடங்கினான்.

அதோடு ஒரு தாள் வந்தது. எங்கே பிறந்தது, என்ன இனம், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று எழுதி ஒப்பமிட்ட தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஓர் எழுத்துப்பிழை கூட இல்லை.

4

இரண்டு கிழமை மூன்றரை வருடம் ஆனது.

பாம்பு என்றால் ஊரில் பொல்லு எடுத்துத்தான் பழக்கம். அதைப் பராமரிப்பது என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. மாணவி எழுதி வைத்திருந்த ஒரு பக்கக் குறிப்பை அகராதி வைத்துப் படித்தேன். நாங்கள் வெங்கிணாந்தி என்று சொல்லும் மலைப்பாம்பின் சின்னச் சாதி இது. நான்கு அடி நீளம், என் மணிக்கட்டுப் பருமன், கறுப்பு உடம்பில் காய்ந்த வைக்கோல் நிறத்தில் திட்டுத்திட்டாய். விசமில்லை. கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கம் முப்பத்தொரு பாகை சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒளித்துக்கொள்ள ஒவ்வொரு குகை வேண்டும். நான் இரண்டு பூச்சாடிகளை உடைத்துக் கவிழ்த்து வைத்தேன். தோல் கழற்றும் நாள் கிட்டினால் கண்கள் நீலம் பூத்து மங்கிவிடும், அப்போது பெட்டிக்குள் தண்ணீர் தெளித்து ஈரமாக வைக்க வேண்டும்.

சாப்பாடுதான் கரைச்சல். இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஓர் எலி. உறைய வைத்து விற்பார்கள். என் குளிர்ப்பெட்டியில் கணவாயும் முருங்கைக்காயும் வைத்த தட்டுக்குக் கீழே எலிகள் இருந்தன. நான் வெள்ளிக்கிழமை மீன், இறைச்சி என்று மச்சம் ஒன்றும் சாப்பிடாதவன், அதனால் அதற்கும் வெள்ளிக்கிழமை கொடுப்பதில்லை என்று ஒரு சட்டம் போட்டேன். எலியை இளக வைத்து, வெந்நீரில் சூடாக்கி, நீள இடுக்கியால் பிடித்து நீட்ட வேண்டும். முதல் தடவை அது பாய்ந்து கவ்வியபோது நான் இடுக்கியைப் போட்டுவிட்டுக் கட்டிலில் ஏறி நின்றேன்.

முதல் குளிர்காலத்தில் அது சாப்பாட்டை நிறுத்தியது. ஒரு மாதம், இரண்டு மாதம். குசினித் தராசில் கிழமைக்கு ஒருமுறை நிறுத்துப் பார்த்து நாட்காட்டியில் குறித்தேன். பயந்துபோய், இப்படியான மிருகங்களைப் பார்க்கும் ஒரு வைத்தியரிடம் கொண்டுபோனேன். அந்தப் பெண் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, இது இந்த இனத்தின் வழக்கம், மாதக்கணக்கில் இருக்கும், எடை பெரிதாகக் குறையாதவரை பொறுத்திருங்கள் என்றார். பிறகு என்னைப் பார்த்து நீங்கள்தான் மெலிந்து தெரிகிறீர்கள் என்றார். நான் மெர்சி என்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஐந்து மாதத்துக்குப் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை அது சாப்பிட்டது. அன்று குசினியில் எல்லோருக்கும் சொன்னேன்.

எங்கள் வேலையில் மூன்று மணி முதல் ஆறு மணி வரை இடைவேளை. மற்றவர்கள் கோப்பிக் கடைக்குப் போவார்கள். நான் அறைக்கு வருவேன். ஊரில் அப்போது மாலை, சுகந்தி காத்திருப்பாள். அவள் முகாமை விட்டு வந்து மாமியோடு கிளிநொச்சியில் இருந்தாள். அவளோடு பேசும்போது விசுக்கோத்து என் தோளிலோ மடியிலோ கிடக்கும். கழுத்தோரம் மெதுவாக நகரும். உயிருள்ள ஒன்று என்னைத் தொட்டு எத்தனையோ வருடம். நான் மாமாவை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பாம்பை மடியில் வைத்துக்கொண்டு, பாம்பு கடித்துச் செத்தவரின் மகளோடு கதைக்கிறேன் என்பது ஒவ்வொரு நாளும் எனக்குத் தெரிந்தே இருந்தது. அவளுக்குச் சொல்லவில்லை. கோஜோவிடம் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கொடுத்தால் அந்த அறையில் வேறு ஒருவரும் இல்லை.

5

சுகந்தியின் விசா ஓர் எழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றது.

2009இல் அகதி விண்ணப்பத்தில் மனைவியின் பெயரை நான்தான் நிரப்பினேன். சுகந்தியில் வரும் க-வுக்கு ஆங்கில ஜி எழுத்துப் போட்டு எழுதிவிட்டேன். அவளுடைய பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் அது கே. தமிழில் இரண்டும் ஒரே க. பிரெஞ்சுக்காரருக்கு அவர்கள் இரண்டு பெண்கள். எந்தப் பெண்ணை நான் கலியாணம் முடித்தேன் என்று நிரூபிக்க இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது. சத்தியக்கடதாசி, மொழிபெயர்ப்பாளரின் முத்திரை, கலியாணப் படங்கள். படத்தில் மாமா எங்களுக்குப் பின்னால் நின்று, கமெராவைப் பார்க்காமல் மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் படத்தைப் பிரதி எடுத்து நான்கு அலுவலகங்களுக்கு அனுப்பினேன்.

பிழை என்னுடையது என்று அவளிடம் சொன்னபோது, "பரவாயில்லை, ஆர்தான் பிழை விடேல்லை" என்றாள். அவ்வளவுதான். அவள் அப்படித்தான், எதையும் சுருக்கமாக முடித்துவிடுவாள். தொலைபேசியில் நாங்கள் கதைத்ததெல்லாம் தாள்களும் மழையும் மாமியின் முழங்கால் வலியும்தான்.

2015இல் அவளிடம் வீடியோ வரும் தொலைபேசி வந்தது. பெட்டி தெரியாதபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்து பேசுவேன். அடுத்த வருடம் மாசி மாதம் ஒரு நாள், விசுக்கோத்தைப் பெட்டிக்குள் விட்டு மூடியைச் சரியாகப் பூட்டவில்லை. பேசிக்கொண்டிருந்தபோது சுகந்தியின் முகம் அப்படியே நின்றுவிட்டது. இணைப்புத்தான் நின்றுவிட்டது என்று நினைத்து, கேட்கிறதா கேட்கிறதா என்று கத்தினேன். திரையின் மூலையில் என் உருவத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கதிரையின் முதுகு வழியாக ஏறி அது என் தோளுக்கு வந்திருந்தது. அவள் அழைப்பை வெட்டினாள்.

பதினொரு நாள் அவள் தொலைபேசியை எடுக்கவில்லை. மாமிதான் எடுத்து, பிள்ளைக்குத் தலையிடி என்றார். பன்னிரண்டாம் நாள் அவளே அழைத்தாள். வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"விசா வந்திட்டுது" என்றாள். "நான் வரேக்கை அது அங்கை இருக்கப்படாது."

அது என்ன, எவ்வளவு காலம், ஏன் மறைத்தீர்கள் என்று ஒரு கேள்வி கூட இல்லை. அவள் ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

6

கோஜோ அப்போது விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலைக்கு மாறி, நகருக்கு வெளியே கூசேன்வில்லில் மனைவியோடு சொந்தமாக வீடு எடுத்திருந்தான். விசுக்கோத்தை ஒரு தலையணை உறைக்குள் போட்டு முடிந்து, என் மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டு புறநகர் ரயிலில் போனேன். முக்கால் மணி நேரம் அது என் வயிற்றோடு சுருண்டு கிடந்தது. எதிரே இருந்த பெண் எனக்குச் சுகமில்லையா என்று கேட்டார். இல்லை, குளிர் என்றேன். கண் கலங்கியிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

2016 சித்திரையில் சுகந்தி வந்தாள். விமான நிலையத்தில் அவள் என்னைத் தாண்டிப் போனாள். நானும் அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு திரும்பி, "மெலிஞ்சு போனியள்" என்றாள். எட்டு வருடத்துக்குப் பிறகு நேரில் கேட்ட முதல் வார்த்தை.

அறைக்குள் வந்ததும் கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தாள். அலுமாரிக்குப் பின்னால், சுவரில் இருந்த சூடாக்கிக்குப் பின்னால், கழுவும் தொட்டிக்குக் கீழே. பெட்டி இருந்த இடத்தில் தரைப்பலகை நிறம் மாறிச் சதுரமாக ஓர் அடையாளம் இருந்தது. அவள் கேட்கவில்லை. ஆனால் அந்தச் சதுரத்தில் ஒரு நாளும் கால் வைக்க மாட்டாள். கதிரையில் இருந்தால் இரண்டு கால்களையும் மேலே மடித்துக்கொள்வாள். காலணியைத் தட்டிவிட்டுத்தான் போடுவாள்.

நல்ல மனைவியாகத்தான் இருந்தாள். சமைத்தாள், மொழி வகுப்புக்குப் போனாள், எனக்குச் சட்டை தேய்த்து வைத்தாள். ஆனால் நான் இடைவேளைக்கு வந்து கதவைத் திறந்தால், யன்னலோரம் இருந்து எதிர்க் கட்டடத்தின் தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தேத்தண்ணி தருவாள். இருவரும் குடிப்போம். தொலைபேசியிலாவது மழை பெய்ததா என்று கேட்கலாம், இங்கே இருவருக்கும் ஒரே மழை. எட்டு வருடம் இவளுக்காக ஏங்கியவன், இவள் பக்கத்தில் இருக்கும்போதே இன்னும் ஏங்கிக்கொண்டிருந்தேன். சில நாள்களில் அந்த மூன்றரை வருடப் பின்னேரங்களை நினைத்தும் ஏங்கினேன். அதை நினைத்து வெட்கப்பட்டேன்.

7

கார்த்திகையில் கோஜோ அழைத்தான். இடம் மாறியதாலோ என்னவோ, விசுக்கோத்து கோடையில் இரண்டு தரம் சாப்பிட்டதோடு சரி, எடை இறங்குகிறது, நீ வந்து ஒருமுறை கொடுத்துப் பார் என்றான். ஞாயிற்றுக்கிழமை சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, எங்கே போகிறீர்கள் என்று சுகந்தி கேட்டாள். கோஜோ வீட்டுக்கு என்றேன்.

"அது எப்பிடி இருக்கு?" என்று கேட்டாள்.

"சாப்பிடேல்லையாம்."

அவள் தேத்தண்ணிக் கோப்பைகளைக் கழுவித் துடைத்து வைத்தாள். பிறகு கோட்டை எடுத்தாள்.

"நானும் வாறன். நான் இல்லாத நேரம் உங்களோடை இருந்தது அது. நான் ஒருக்காப் பாக்கோணும்."

வேண்டாம் என்று நான் எவ்வளவோ சொன்னேன். அவள் கேட்கவில்லை. ரயிலில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

கோஜோ வீட்டில் அவள் அறை வாசலோடு நின்றுவிட்டாள். கோஜோ மாமாவின் கதை தெரிந்தவன், பெட்டியை மெதுவாகத் திறந்து, தூரத்திலேயே வைத்துத் தூக்கினான். புதிய ஆளின் வாடையோ என்னவோ, விசுக்கோத்து அவன் கைகளிலேயே பந்துபோல் சுருண்டு, தலையை நடுவில் புதைத்துக்கொண்டது.

"ஏன் தலையை ஒளிக்குது?" என்றாள் சுகந்தி.

"பயத்திலை. இந்தச் சாதி கடிக்காது, பயந்தால் இப்பிடித்தான்."

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாசல் நிலையில் சாய்ந்தபடி அப்படியே தரையில் இருந்துவிட்டாள். நான் ஓடிப்போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவள் என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"பங்கருக்குள்ளை நான் அதைக் கண்டனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"புடையனை. மூலையிலை சாக்குக்குக் கீழை கிடந்தது. வெளியிலை ஷெல் விழுந்துகொண்டிருக்கு. பாம்பெண்டு கத்தினால் எல்லாரும் வெளியிலை ஓடுவினம். ஓடினால் ஒருத்தரும் மிஞ்சாயினம். அது அசையேல்லை. அசையாட்டில் ஒண்டும் செய்யாதெண்டு நினைச்சன். வாயை மூடிக்கொண்டு இருந்தனான்."

பக்கத்துப் பங்கருக்கு ஷெல் விழுந்ததாம். மண் கொட்டியதாம். அந்த நேரம் மாமா நகர்ந்து அந்த மூலைக்குப் போய் இருந்தாராம்.

"அப்பா இஞ்சாலை வாங்கோ எண்டு கூப்பிட்டன். இல்லைப் பிள்ளை, இதிலை காத்து வருது எண்டார். அப்பவும் நான் சொல்லேல்லை. நான் சொல்லேல்லை."

ஏழரை வருடம் அவள் இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. மாமிக்கும் சொல்லவில்லை. தொலைபேசியில் என்னோடு மழையைப் பற்றிப் பேசிய நாள்களிலெல்லாம் இது அவளுக்குள் கிடந்திருக்கிறது. நான் அவள் முதுகில் கை வைத்தேன். அவள் கையைத் தட்டிவிடவில்லை.

கோஜோ பாம்பைப் பெட்டியில் விட்டு மூடிவிட்டு வந்து, சுகந்தி என்ன சொன்னாள் என்று கேட்டான். அவ்வளவு வருடம் கற்ற பிரெஞ்சில், அவளுடைய அப்பா என்று மட்டும் சொன்னேன். அவன் மறுபடி கேட்கவில்லை. ஒரு கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து சுகந்திக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டுப் போனான்.

அன்று நான் எலியை நீட்டியும் விசுக்கோத்து சாப்பிடவில்லை. பங்குனியில் தானாகவே சாப்பிட்டது. இன்றும் கோஜோ வீட்டில் நன்றாக இருக்கிறது. முப்பது வயது வரை இருக்குமாம்.

8

அடுத்த நாள் திங்கட்கிழமை எனக்கு விடுமுறை. பின்னேரம் சுகந்தி மாமிக்கு அழைப்பு எடுத்தாள். எடுக்கும் முன்னர் என்னைப் பக்கத்தில் இருக்கச் சொன்னாள். மாமியின் குரல் எனக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசையில் வைத்தாள். முழங்கால் எப்படி என்று கேட்டாள், மழை எப்படி என்று கேட்டாள். பிறகு, என்னிடம் சொன்னதை ஒரு சொல் மாறாமல் தாயிடம் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது அவள் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்திருந்தது.

கிளிநொச்சியில் எங்கோ ஒரு மோட்டார் சைக்கிள் போகும் சத்தம் கேட்டது.

"நீயும் கண்டனியே பிள்ளை?" என்றார் மாமி.

சுகந்தி என்னைப் பார்த்தாள்.

"உன்ரை அப்பாதான் முதல் கண்டவர்" என்றார் மாமி. "கண்டிட்டு என்ரை காதுக்கை சொன்னவர். சத்தம் போடாதை, பிள்ளை கண்டால் வெளியிலை ஓடீடுவாள் எண்டு. மண் கொட்டக் கொட்ட நீ அந்த மூலைப் பக்கமாத்தான் அரக்கி அரக்கிப் போனனி. அதுதான் அவர் உனக்கும் பாம்புக்கும் இடையிலை போய் இருந்தவர்."

"ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"நீ காணேல்லை எண்டெல்லோ நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருக்கிறன்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். கிளிநொச்சியில் ஒருவர், பாரிசில் ஒருவர். நான் எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தொலைபேசியை வைத்த பிறகு சுகந்தி பேசத் தொடங்கினாள். மாமா தபால்பையோடு சைக்கிளில் வருவது, நாய்களுக்குப் பயந்து சட்டைப்பையில் ரொட்டித் துண்டு வைத்திருப்பது, அவளுக்குக் கணக்கு வராததற்கு வாத்தியாரோடு சண்டைக்குப் போனது. நான் கலியாணம் கேட்டு வந்த அன்று, பெடியன் நல்லவன், ஆனால் கையெழுத்து மோசம் என்று சொன்னாராம். அதைச் சொல்லி அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை ஏழு மாதம் மட்டும் கேட்டிருந்தேன், மறந்தும் போயிருந்தேன். தேத்தண்ணி ஆறியது. மறுபடி சூடாக்கினேன். அதுவும் ஆறியது.

எங்கள் கைகளில் இருக்கும் அகதிப் பயணப் புத்தகத்தில் எல்லா நாட்டுக்கும் போகலாம், ஒரு நாட்டைத் தவிர என்று அச்சடித்திருக்கிறது. அந்த ஒரு நாட்டில்தான் மாமா கிடக்கிறார். அவரை மண்ணுக்குள் எங்கே தாட்டீர்கள் என்று அன்றுதான் நான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"ஒரு பனை வடலிக்குப் பக்கத்திலை" என்றாள் சுகந்தி. "அடையாளத்துக்கு அந்த வடலியிலை அப்பாவின்ரை சால்வையைக் கட்டினனான். இப்ப அது மற்றப் பனையளோடை பனையா நிக்கும். போனாலும் எனக்கு எதெண்டு தெரியாது."